பழைய வெள்ளிக் கரண்டியின் முத்திரையைப் படிப்பது எப்படி? பினாங்கு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் நேராகப் போய் நிற்பது அதன் பின்புறத்தில் பொறித்திருக்கும் இரண்டு எழுத்துகளில்தான். செய்தவர் யாரென்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே தெரிந்துவிடும் என்ற நினைப்பு. அந்த எழுத்துகளைக் கடைசியில்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே முதலெழுத்துகளை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் பலர் பதித்திருக்கிறார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் அந்தப் பலரில் ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். எழுத்தில் தொடங்கினால், நமக்குப் பிடித்த பெரிய பெயரை அந்தக் கரண்டியின் தலையில் கட்டிவிடுவோம்.

பினாங்கில் இப்படிப்பட்ட கரண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1786 முதல் கப்பல் வந்துபோகும் ஊர் இது. அதிகாரிகளும் வணிகர்களும் கொண்டுவந்தவை, தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனவை, பெரனாக்கான் எனப்படும் நீரிணைச் சீனர் வீடுகளிலிருந்து கைமாறியவை என்று பல வழிகளில் வந்து சேர்ந்திருக்கின்றன. சில தமிழ் வீடுகளில் அவை பாலாடை, சந்தனப் பேழை, குங்குமச் சிமிழ் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் கிடக்கும். காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் தரையில் விரித்த துணியில் முட்கரண்டிகளோடு குவிந்திருப்பதைப் பார்க்கலாம்.

முதல் வேலை: துலக்காமல் இருப்பது

வெள்ளி கறுத்திருந்தால் விபூதியை எடுத்துத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். சாமி விளக்குக்கு அது சரி. ஆராய வேண்டிய கரண்டிக்குக் கூடாது. விபூதியும் பாலிஷும் சிறிது சிறிதாக வெள்ளியை அரிப்பவை. முதலில் தேய்வது முத்திரையின் மெல்லிய கோடுகள்தான். அதோடு, முத்திரைக் குழிக்குள் தங்கிய கறுப்புதான் எழுத்தை நமக்குக் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் வெள்ளை மேல் வெள்ளையாக ஒன்றும் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வெளிச்சமும் கண்ணாடியும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் அதே வகை. வெளிச்சம் மேலிருந்து நேராக விழக்கூடாது. அறையை இருட்டாக்கிக்கொண்டு, கைப்பேசியின் விளக்கைக் கரண்டியின் பக்கவாட்டில் ஏறக்குறையப் படுக்கை நிலையில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து முத்திரை எழுந்து நிற்கும். கரண்டியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் சிங்கத்தின் வால் தெரியும், இன்னொரு கோணத்தில் கால் தெரியும். தெரிந்ததை உடனே தாளில் வரைந்துகொள்ளுங்கள். உருவத்தைச் சுற்றியுள்ள சட்டத்தையும் விடாமல் வரைய வேண்டும். அது நீள்வட்டமா, கேடய வடிவமா, மூலைகள் வெட்டப்பட்டதா என்பது பின்னால் ஆண்டைச் சொல்லும்.

வாயால் ஊதிப் பார்ப்பது பழைய உத்தி, நல்ல உத்தி. மூச்சின் ஈரம் படியும்போது, பற்றவைத்த தடமும் அழித்த பெயரின் சுவடும் ஒரு நொடி தெரிந்து மறையும்.

வெள்ளிதானா?

முத்திரைகள் வரிசையாக இருப்பதாலேயே அது வெள்ளி ஆகிவிடாது. 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நிக்கல் கலந்த மலிவான உலோகத்தின் மேல் வெள்ளிப் பூச்சிட்ட கரண்டிகள் உலகெங்கும் பரவின. பினாங்கில் கிடைப்பவற்றில் இந்த ரகம் ஏராளம். இவற்றைச் செய்தவர்கள் இ.பி.என்.எஸ். (மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர்) என்ற நான்கு எழுத்துகளையும் நான்கு தனித்தனிக் கேடயங்களுக்குள், அலங்கார எழுத்தில் பதித்தார்கள். அரைகுறை வெளிச்சத்தில் பார்த்தால் அசல் முத்திரை வரிசை போலவே தோன்றும். ஏ1 என்றிருந்தால் அது பூச்சின் தடிமனைப் பற்றிய விளம்பரம். கொடிக்குள் டபிள்யூ அண்ட் எச் என்றிருந்தால் ஷெஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால் நிறுவனம். அவர்கள் வெள்ளியும் செய்தார்கள், முலாமும் செய்தார்கள். அதனால் கொடியை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. பக்கத்தில் சிங்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘ஜெர்மன் சில்வர்’, ‘நிக்கல் சில்வர்’ என்றெல்லாம் பொறித்திருந்தால் அதில் வெள்ளியே கிடையாது. பெயரில் மட்டும் வெள்ளி.

காந்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. பித்தளையையும் இந்த நிக்கல் கலவையையும்கூட இழுக்காது. அடகுக் கடையில் உள்ள கதிர் இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கிறது, கனமான முலாமில் அது தடுமாறும். அமிலச் சொட்டு கரண்டியில் வடு போட்டுவிடும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

நான் சொல்வது தண்ணீர்ச் சோதனை. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு போதும். முதலில் கரண்டியை நிறுத்துக்கொள்ளுங்கள். 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு உயரமான குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்ணால் 60ஐ வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஸ்டெர்லிங் வெள்ளி (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) என்றால் தராசு ஏறக்குறைய 5.8 காட்டும், அடர்த்தி 10.3க்கு மேல் வரும். நிக்கல் கலவை என்றால் 6.9 காட்டும், அடர்த்தி 8.7 அளவில் நிற்கும். கரண்டியில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் விரலால் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கைப்பிடி உள்ளே வெற்றாக இருக்கும் கத்திகளுக்கு இது பொருந்தாது. ஒரே வார்ப்பான கரண்டிக்கு இதைவிட நேர்மையான சோதனை வீட்டில் இல்லை.

எந்தக் கரையிலிருந்து வந்தது?

லண்டனில் இருப்பது போல், அரசாணைப்படி வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் கட்டாய முறை மலாயாவில் இருந்ததில்லை. ஆகவே பினாங்கில் கிடைக்கும் முத்திரை வேறு கரையிலிருந்து வந்ததாக இருக்கும், அல்லது கடைக்காரர் தம் விருப்பப்படி பதித்த கடைக்குறியாக இருக்கும். பிரிட்டன், சீனக் கடற்கரை, சென்னை, கல்கத்தா, டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா), சயாம் இவைதாம் முக்கியமான ஊற்றுகள். பிரிட்டனில்தான் விதிகள் கறாராக இருந்தன. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிய போலி வரிசையும் பிடிபடும்.

பிரிட்டிஷ் வரிசையைப் படிக்கும் முறை

முதலில் சிங்கத்தைத் தேடுங்கள். இடப்பக்கம் பார்த்து நடக்கும் சிங்கம், ஒரு முன்னங்கால் தூக்கியிருக்கும். 1544 முதல் இங்கிலாந்தில் அது தர முத்திரை: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. 1697 முதல் 1720 வரை மட்டும் 958 பங்கு தரம் கட்டாயமாக இருந்தது; அப்போது சிங்கத்துக்குப் பதில் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா பெண் உருவம். எடின்பரோவில் 1759 முதல் நெருஞ்சிப் பூ போன்ற முட்செடி.

அடுத்தது ஊர். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம், எடின்பரோவுக்குக் கோட்டை. பர்மிங்ஹாமிலும் ஷெஃபீல்டிலும் சோதனைச் சாலை வந்தது 1773இல்தான், எனவே நங்கூரம் இருந்தால் அதற்கு முந்தைய ஆண்டைப் பற்றிய பேச்சே இல்லை. செஸ்டர், எக்ஸெட்டர், நியூகாசில் போன்ற ஊர்களின் முத்திரைகளும் அவ்வப்போது கண்ணில் படும். அந்தச் சாலைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. லண்டன் சிறுத்தையின் தலையில் கிரீடம் இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். 1821 வரை இருந்தது, பிறகு இல்லை. இந்த ஒரு சின்ன விவரம் ஒரே பார்வையில் கரண்டியை 1821க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

மூன்றாவது, அரசரின் தலை. வெள்ளிக்கு வரி கட்டியதற்கான அடையாளம் இது; 1784 டிசம்பரில் தொடங்கி 1890இல் நின்றுபோனது. தலை இருந்தால் இந்த இடைவெளிக்குள் வந்துவிட்டீர்கள். இடப்பக்கம் பார்க்கும் பெண் தலை என்றால் விக்டோரியா.

நான்காவது, ஆண்டெழுத்து. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு ஊரும் ஆண்டுக்கு ஓர் எழுத்தை மாற்றியது. எழுத்துகள் தீர்ந்ததும் வேறு அச்சு வடிவத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. லண்டனில் ஒரு சுற்றுக்கு 20 எழுத்துகள், ‘ஜே’ கிடையாது, ‘யு’வோடு சுற்று முடிந்துவிடும். 1796இல் பெரிய எழுத்தில் தொடங்கிய சுற்று 1815இல் முடிந்தது. 1816இல் சிறிய எழுத்துச் சுற்று, 1836இல் கோதிக் பெரிய எழுத்துச் சுற்று. அதனால் எழுத்து எது என்பதோடு, பெரியதா சிறியதா, நேரானதா கோதிக்கா, எந்த வடிவச் சட்டத்துக்குள் இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் ஆண்டு. எழுத்து மாறியதும் ஜனவரியில் அல்ல. லண்டனில் மே மாத இறுதியில். ஆகவே ஓர் எழுத்துக்கு ‘1812–13’ என்று இரட்டை ஆண்டு எழுதுவதுதான் சரி. ஷெஃபீல்டு தனிப் பிறவி: 1824 வரை அங்கே எழுத்துகள் அகர வரிசையிலேயே போகவில்லை. பட்டியல் இல்லாமல் ஊகித்தால் நிச்சயம் பிழை வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டெழுத்துப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஊரை மாற்றிப் பார்த்துவிடாமல் இருந்தால் போதும்.

கரண்டியின் உடம்பு என்ன சொல்கிறது?

முத்திரை எங்கே இருக்கிறது என்பதும் சாட்சிதான். ஏறக்குறைய 1780 வரை கரண்டிகளில் முத்திரையைக் குழிக்கு அருகே, காம்பின் குறுகலான இடத்தில் பதித்தார்கள். முத்திரையிட்ட பிறகு அந்த இடத்தைத் தட்டிச் சீராக்கியதால் சிங்கம் நசுங்கி, எழுத்து இழுபட்டுப் போயிருக்கும். பிறகு முத்திரை காம்பின் அகன்ற நுனிப்பக்கம் ஏறிவிட்டது; அங்கே தெளிவாக இருக்கும். நுனிப்பக்கம் தெளிவான முத்திரை வைத்துக்கொண்டு ‘இது 1740’ என்று யாராவது விற்றால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

வடிவத்தையும் பாருங்கள். காம்பு நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் ஹானோவேரியன் பாணி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து நடுப்பகுதிக்குச் சற்றுப் பின் வரை. அக்காலத்தில் கரண்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். அதனால் குடும்பச் சின்னம் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நுனி கீழ்நோக்கி வளைந்தால் ஓல்டு இங்கிலிஷ், 1760களிலிருந்து. காம்பு தோள் வைத்து, வயலின் போல் அகன்றிருந்தால் ஃபிடில் பாணி. 19ஆம் நூற்றாண்டின் கரண்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குழியின் பின்புறம் நீளமான முதுகுத்தண்டு போல் ஒரு மேடு ஓடினால் எலிவால் கரண்டி, இன்னும் பழையது. ஆனால் இந்தப் பாணிகளையெல்லாம் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். வடிவம் ஆண்டைத் தீர்மானிப்பதில்லை; முத்திரை சொல்லும் ஆண்டோடு அது முரண்படுகிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

குழியில் திராட்சைக் கொத்தும் பழங்களும் புடைத்து, பொன்முலாம் பூசிய கரண்டிகள் சந்தையில் நல்ல விலைக்குப் போகின்றன. முத்திரை 1790 என்று சொல்லும். அதில் பொய் இல்லை. பழத்தை அடித்தது பின்னால் வந்த விக்டோரியா காலத்துக் கைகள். சாதாரண மேசைக்கரண்டியை அப்படி மாற்றினார்கள். எனக்கு அவை பிடிப்பதில்லை, வாங்குபவர்களை நான் தடுப்பதுமில்லை.

இப்போது செய்தவரின் எழுத்துகள்

ஓர் உதாரணத்தை முழுவதும் பார்ப்போம். ஃபிடில் வடிவ மேசைக்கரண்டி. முத்திரைகள் நுனிப்பக்கம் உள்ளன. நடக்கும் சிங்கம், கிரீடம் அணிந்த சிறுத்தைத் தலை, ஓர் ஆண் தலை, பெரிய எழுத்தில் ‘ஆர்’. தனியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஜோடி எழுத்துகள்: டபிள்யூ.இ., டபிள்யூ.எஃப்., டபிள்யூ.சி.

சிங்கம் இருக்கிறது, எனவே 925 தரம். சிறுத்தை லண்டன் என்கிறது, கிரீடம் 1821க்கு முன் என்கிறது. அரசர் தலை 1784க்குப் பின் என்கிறது. நேரான பெரிய ‘ஆர்’ 1796இல் தொடங்கிய சுற்றில் 1812–13. இவ்வளவும் தெரிந்த பிறகு லண்டன் பதிவேட்டில் அந்த ஆண்டுக்குரிய இந்த மூன்று ஜோடியைத் தேடினால், வில்லியம் எலி, வில்லியம் ஃபெர்ன், வில்லியம் சானர் என்ற கூட்டாளிகள் கிடைக்கிறார்கள். இந்த மூவரும் சேர்ந்து பதித்தது 1808 முதல் 1814 வரைதான். ஆண்டும் கூட்டணியும் பொருந்திவிட்டன. ஒருவேளை எழுத்து 1820 என்று காட்டியிருந்தால், ஆண்டெழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று இந்தக் கூட்டணியே எச்சரித்திருக்கும்.

செய்தவர் முத்திரைக்கும் காலவாரியான விதிகள் உண்டு. 958 தரம் கட்டாயமாக இருந்த காலத்தில் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பதித்தார்கள். 1739இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. இரண்டு எழுத்துக்கு நடுவே புள்ளி இருக்கிறதா, எழுத்து நேரா சாய்வா, சட்டம் வெட்டுப்பட்டதா என்பதெல்லாம் ஆளை மாற்றிவிடும். ஹெஸ்டர் பேட்மனின் எச்.பி. சாய்வான கையெழுத்து போல் சுழன்றிருக்கும். 1761இல் பதிவு செய்தவர், 1790இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் பெயருக்குச் சந்தையில் தனி விலை உண்டு என்பதால், நேரான எச்.பி.யைக் காட்டி அவர் பெயரைச் சொல்பவர்களும் உண்டு.

செய்தவர் முத்திரை என்று நாம் சொன்னாலும், அது கரண்டியைத் தட்டிய கையின் அடையாளம் ஆகாது. சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பொறுப்பேற்ற பட்டறை முதலாளியின் அடையாளம். தட்டியவர் பட்டறையில் கூலிக்கு வேலை செய்த யாரோ ஒருவர். முத்திரை வரிசைக்கு வெளியே ஒரு நட்சத்திரமோ புள்ளியோ பொடியாக இருந்தால் அது அந்தத் தொழிலாளியின் கணக்குக் குறியாக இருக்கலாம். அதைப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. லண்டனிலேயே 1773க்கு முந்தைய சில ஆண்டுகளின் பதிவேடு தொலைந்துவிட்டது. எனவே அக்காலத்துப் பெயர்கள் சிலவற்றுக்கு நிபுணர்களே ‘இவராக இருக்கலாம்’ என்றுதான் எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற கரைகளின் கரண்டிகள்

கான்டன், ஹாங்காங் வெள்ளியை அடையாளம் காண்பது எளிது: ஆங்கில முதலெழுத்துகள், 90 என்ற எண், சீன எழுத்தில் ஒரு குறி. 90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. டபிள்யூ.எச். என்றும் 90 என்றும் இருந்தால் வாங் ஹிங் கடையை முதலில் நினைக்கலாம். உறுதிப்படுத்துவது சீனக் குறிதான், அதனால் சீனம் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரிடம் காட்டுங்கள். பினாங்கில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. இதற்கும் முந்தைய கான்டன் கரண்டிகளில் லண்டன் முத்திரையைப் பார்த்துச் செதுக்கிய சிங்கமும் தலையும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் குறையில்லை. சேர்த்துப் பார்த்தால் ஆண்டு ஒத்துப்போகாது. இவை ஏமாற்றுப் பொருள்கள் என்று ஒதுக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

நீரிணைச் சீனர்களின் வெள்ளியில் கடைக்குறி மட்டும் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் மாளிகையில் அந்த வீடுகளின் பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். பூவேலைப்பாட்டின் சாயலைக் கண்ணில் பதித்துக்கொண்டால் குறியில்லாத பொருளையும் ஓரளவு இனம் காணலாம்.

இந்தியாவில் வேலை செய்த ஐரோப்பியக் கடைகள் பெயரையே பொறித்தன. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹாமில்டன் அண்ட் கம்பெனி ஆகியவை அடிக்கடி தென்படும் பெயர்கள். காம்பில் தெய்வ உருவங்கள் வரிசையாகப் புடைத்திருந்தால் ‘சுவாமி’ வேலைப்பாடு. சென்னைப் பொற்கொல்லர்களின் கைவண்ணம். வெள்ளி ரதத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வேலைப்பாடு அந்நியமாகத் தோன்றாது.

பொடியாக ஒரு சிறிய வாள் மட்டும் இருந்தால் டச்சுத் தேக்கரண்டி. சிறு பொருள்களுக்கு 1814 முதல் அவர்கள் பதித்த குறி. 800 என்ற எண்ணோடு இரண்டு எழுத்துகள் இருந்து, பூவேலைப்பாடும் ஜாவா சாயலில் இருந்தால் யோக்யகர்த்தாவைச் சேர்ந்ததாக இருக்கலாம். ‘சயாம் ஸ்டெர்லிங்’ என்று பொறித்து, கறுப்புப் பின்னணியில் நடனப் பெண் உருவம் இருந்தால் தாய்லாந்து. அந்நாட்டின் பெயர் 1939இல் மாறிய பிறகும் பொருள்களில் பழைய பெயர் தொடர்ந்தது, எனவே ‘சயாம்’ என்ற சொல்லை வைத்து ஆண்டு கணக்கிடக்கூடாது. சாம்பல் நிறத்தில் மங்கலாக, கறுக்காமல் இருந்தால் அது சிலாங்கூர் வெள்ளீயக் கலவையாக இருக்கலாம். அழகான பொருள், வெள்ளி விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

எழுதி வைப்பதும் பாதுகாப்பதும்

ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு சீட்டு. எடை, நீளம், அடர்த்தி, நீங்கள் வரைந்த முத்திரைகள், படித்த முடிவு, அதோடு கரண்டி வீட்டுக்கு வந்த வழி. எந்தத் தோட்டத்து பங்களா, யார் கொடுத்தது, எந்த ஆண்டு வாக்கில் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அந்தத் தகவல் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. உறுதியானதை ஒரு மையிலும் ஊகத்தை வேறொரு மையிலும் எழுதினால் பின்னால் வாசிப்பவர் குழம்பமாட்டார். முத்திரையைப் படம் எடுக்கும்போது ஒரு ரூலரைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். நிபுணர் யாருக்காவது அனுப்பினால் அவர் முதலில் கேட்பது அளவைத்தான்.

நம் ஊரின் ஈரக் காற்றில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். ஆறு கரண்டிகளை ஒன்றாகக் கட்ட ரப்பர் பட்டையை மட்டும் எடுக்காதீர்கள். ரப்பரில் கலந்த கந்தகம் காம்பின் குறுக்கே கறுப்புக் கோடாக ஏறிவிடும். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் முத்திரையும் சேர்ந்து தேயும்.